நெகட்டிவில் ஒட்டிய தூசு

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இந்த வேலைக்கு உட்கார வேண்டும். சித்திரை மாதம், மந்தைவெளி, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள மூன்றாவது மாடி வீடு. அதில் விசிறி இல்லாமல் உட்காருவது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஜன்னலையும் திறக்க முடியாது. கீழே மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டு எத்தனையோ மாதமாகிறது. திறந்தால் மண் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, லுங்கி மட்டும் கட்டிக்கொண்டு, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு உட்காருவேன். அந்தக் கோலத்தில் யாராவது பார்த்தால் கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை.

என் மனைவி இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. முதல் வருஷத் திதிக்கு மெல்போர்னிலிருந்து மகள் வருவதாகச் சொன்னாள். எங்களுக்கு ஒரே பெண்.

"அப்பா, நான் வர்றதுக்குள்ள ஹால்ல இருக்கற அந்தப் படத்தை மாத்திடு."

"ஏன், அதுக்கென்ன?"

"அது அம்மா இல்லப்பா. ஆதார் கார்டு."

அவள் சொன்னது சரிதான். ஆதார் அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கித்தான் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். அதில் என் மனைவி ஏதோ திருடிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவளைப் போல இருப்பாள். முகம் வேறு வீங்கியிருக்கும். டயாலிசிஸ் ஆரம்பித்த புதிது. அதற்குப் பிறகு அவள் யாரையும் தன்னைப் படமெடுக்க விட்டதில்லை. செல்போனைத் தூக்கினாலே தலையணையை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வாள். "இதைத்தான் கடைசியில பெருசு பண்ணி மாட்டுவீங்க, வேணாம்" என்பாள். கடைசியில் அவள் பயந்ததை விட மோசமான ஒன்றை நான் மாட்டினேன்.

வேறு படம் இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எங்கள் கல்யாண ஆல்பம் உட்பட எல்லா ஆல்பமும் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது போய்விட்டன. அப்போது கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு ஆல்பத்தைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு, பிய்த்த இடத்தில் வெள்ளைக் காகிதம்தான் இருந்தது. மகள் கல்யாணம் மெல்போர்னிலேயே ரெஜிஸ்டர் செய்துகொண்டது, நாங்கள் போகவில்லை. உறவுக்காரர்கள் வீட்டுக் கல்யாண வீடியோக்களில் பந்தியில் குனிந்து சாப்பிடுகிற ஆளாக என் மனைவி எங்காவது ஓரத்தில் தெரியலாம்.

தப்பியது நெகட்டிவ்கள் மட்டும்தான். ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் பரண் மேல் இருந்தன. அவள் எடுத்தவை.

அதில்தான் வம்பே. கேமரா அவளுடையது. சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தராக இருந்தாள்; முதல் தீபாவளி போனஸில் பர்மா பஜாருக்குப் போய் அவளே வாங்கி வந்தாள். எங்கே போனாலும் தோளில் அது தொங்கும். எங்கள் வீட்டில் படமெடுக்கிற ஆள் அவள், படத்தில் இருக்கிற ஆட்கள் நானும் மகளும். நான் அந்தக் கேமராவைத் தொட்டதே இல்லை. எனக்கு அதில் ஆர்வம் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது சும்மா வீம்பு. ஒருமுறை அவளே கேட்டாள்.

"ஏங்க, என்னையும் ஒண்ணு எடுங்களேன்."

"அடுத்த ரோல்ல பார்க்கலாம்" என்றேன். எத்தனையோ ரோல் வந்தது, போனது. அவள் மறுபடி கேட்கவில்லை, எனக்கும் நினைவில்லை. இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆனாலும் பத்துப் பன்னிரண்டு ரோலில் ஒன்றிலாவது இருப்பாள் என்று நம்பினேன். கடற்கரையில் சுண்டல் விற்கிறவர் கையில் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கலாம், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்திருக்கலாம். ஒரே ஒரு படம், அவள் உடம்பு நன்றாக இருந்த காலத்துப் படம், சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. மகள் வருவதற்குள் அதைக் கண்டுபிடித்துச் சுவரில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தி.நகரில் ஸ்டுடியோவை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். என் வயதுக்காரர்தான். கையுறை, ரப்பர் ஊதல், ஒட்டக முடி பிரஷ் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்.

"தொடைக்காத சார். ஊது. வாயால ஊதாத, எச்சி தெறிக்கும். இத அமுக்கு, புஸ்ஸுன்னு காத்து வரும். போகலன்னா பிரஷ்ஷு. அதுக்கும் போகலன்னா கம்ப்யூட்டர்ல எடுத்துக்க."

"இதுல தூசு எடுக்கற பட்டன் ஒண்ணு இருக்கே."

"அது பேமானி சார். தூசுன்னு சொல்லி இமையெல்லாம் தின்னுடும். கையால எடு."

கையால் எடுப்பதில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நான் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டட வரைபடத்தில் ஒரு கோடு மயிரிழை தாண்டிப் போனாலும் பாதி பிளேடை எடுத்து மையைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மறுபடி போடுகிற கை இது. தட்டில் முடி கிடந்தாலாவது எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன்; தாளில் புள்ளி இருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. வீட்டிலும் அதே சுபாவம்தான். லேபிலிருந்து படங்கள் வந்ததும் சிவப்புப் பேனாவைத் திறக்காத குறையாகக் குற்றம் கண்டுபிடிப்பேன். "இதுல உன் விரல் விழுந்திருக்கு. இதுல உன் நிழல் விழுந்திருக்கு. ஏன் இப்படிக் குழந்தை கேமராவைப் பார்க்காம நிக்கறா? நிழல் விழாம எடுக்கத் தெரியாதா உனக்கு?"  அவள் படங்களை வாங்கி ஆல்பத்தில் செருகுவாள்.

வேலையை ஆரம்பித்தேன். நெகட்டிவில் ஒட்டியிருக்கும் தூசு திரையில் வெள்ளையாகத் தெரியும். சின்னப் புள்ளி, நூல், வளைந்த முடி. எல்லா முகத்திலும் அது உட்கார்ந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கி, வரைபடத்தைக் கட்டம் கட்டமாகச் சரிபார்ப்பதைப் போல இடது மேல் மூலையில் தொடங்கி வரிசையாக வருவேன். புள்ளி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அதன் மேல் வைத்தால் புள்ளி காணாமல் போகும். வானத்தில் புள்ளி என்றால் பக்கத்து வானம். புடவை என்றால் பக்கத்து மடிப்பு. ஒரு படத்துக்குக் குறைந்தது முக்கால் மணி நேரம். வியர்வை மூக்கிலிருந்து சொட்டுவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

தூசோடு நிறுத்தியிருந்தால் தொல்லையில்லை. கை பழகியதும் மற்றக் குறைகளையும் சரி செய்யத் தொடங்கினேன். மூலையில் விரல் மங்கலாக விழுந்திருந்தால் அதை எடுத்தேன். சாய்ந்திருந்த விளக்குக் கம்பத்தை நிமிர்த்தினேன். மணலில் நிழல் விழுந்திருந்தால் பக்கத்து மணலை எடுத்து நிரப்பினேன். மணலைப் போல எளிது எதுவும் இல்லை. மணலுக்கு மணல், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றும் முடிந்ததும் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பேன். இப்படியல்லவா எடுத்திருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லத் தோன்றும். ஒன்றிரண்டு முறை வாய்விட்டே சொல்லியும் இருக்கிறேன்.

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. மையில் நகலெடுத்துக் கையெழுத்தும் ஆன பிறகு பென்சில் வரைவை வைத்திருக்கக் கூடாது. தவறிப்போய்ப் பழைய வரைவு சைட்டுக்குப் போனால் மேஸ்திரி அதைப் பார்த்துச் சுவரைத் தப்பான இடத்தில் எழுப்பிவிடுவான். அப்படி ஒருமுறை நடந்தும் இருக்கிறது, மெமோ வாங்கியவன் நான். அதிலிருந்து நகல் முடிந்த மறு நிமிடம் பழையதைக் குறுக்கே இரண்டு வெட்டு, நான்கு துண்டு, குப்பைக்கூடை. முப்பத்திரண்டு வருடப் பழக்கம். எனவே ஒவ்வொரு படத்தையும் துடைத்து முடித்துச் சேமித்ததும், அந்த நெகட்டிவை எடுத்துக் குறுக்கே இரண்டு வெட்டு வெட்டி நீலக் குப்பைக் கவரில் போட்டேன். இரண்டு பிரதி இருந்தால் குழப்பம் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. பெருமையாகக்கூட இருந்தது.

இப்படியே இரண்டு மாதம் போனது. காலையில் எழுந்து எனக்கு மட்டும் அரை டம்ளர் அரிசி வைப்பேன். அதையே இரண்டு வேளைக்கும் வைத்துக்கொள்வேன். பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம் எழுந்து மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஐந்து வரை. சில நாட்களில் பால்காரரிடம் "ஒரு பாக்கெட் போதும்" என்று சொன்னதைத் தவிர அன்று வேறு பேச்சே பேசியிருக்க மாட்டேன். திரையில் மட்டும் கூட்டம். சங்கு சக்கரம் சுற்றும் மகள், பல் விழுந்த மகள், ஸ்கூல் ஆண்டு விழாவில் மரமாக நின்ற மகள், பங்குனித் தேர், யார் என்றே தெரியாத ஒரு கைக்குழந்தை. நானும் நிறைய இருந்தேன். எல்லாவற்றிலும் எவனையோ முறைத்துக்கொண்டே இருந்தேன். எதிரில் இருந்தவள் அவள்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அவள் ஒன்றிலும் இல்லை.  ஞாயிற்றுக்கிழமைப் படங்கள்தான் அதிகம். பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு விடியற்காலையில் போவோம். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நிற்பாள். மகள் கடலைப் பார்த்து நிற்பாள். அதனால் படத்தில் கடல் வராது. கட்டுமரம், வலை, தூரத்தில் நொச்சிக்குப்பத்து வீடுகள், நடுவில் மகள். அந்தப் பெண்ணும் ஒன்றில்கூட கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு சிரிக்கிறாள். என்ன பழக்கமோ என்று நினைத்தேன்.

டின்னில் கடைசியாக ஒரே ஒரு கவர் மிச்சம். அது ஈரத்தில் கவரோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் தனியே வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அம்மா படம் கிடைத்ததா என்று கேட்டாள். இன்னும் இல்லை, ஆனால் உன் படங்களைப் பார், புதிதாக எடுத்ததைப் போல் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பக்கம் போனைத் திருப்பிக் காட்டினேன். கடற்கரைப் படம். அவளுக்கு ஐந்து வயது.

அவள் போனைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்பா, அம்மா எங்க?"

"அம்மா எப்படி இருப்பா, அவதானே எடுத்தா."

"இல்லப்பா. கீழ. மணல்ல. அம்மா நிழல் இருக்குமே."

"அதெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்த குரலில் சொன்னேன்.

 போனில் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது, நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அது விளையாட்டுப்பா. அம்மா ஒரு கையால கேமராவைப் பிடிச்சுக்கும். இன்னொரு கையை நீட்டும். அந்த நிழல் கை என் கால்ல படற மாதிரி நான் போய் நிக்கணும். பட்டதும் அம்மா எடுக்கும். ஒவ்வொரு வாரமும் எடுக்கும். அப்பா எடுக்க மாட்டாரு, நாமளே விழுந்துக்கலாம்னு சொல்லும். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அருகில்தான் இருந்தேன், பேப்பர் படித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்து படம் கைக்கு வந்ததும் நிழல் விழுந்திருக்கிறது என்று கத்தினேன். நிழல் கைதவறி விழுந்துவிட்டதென்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வேண்டுமென்றே விழுந்திருக்கிறாள். தன்னைப் படமெடுக்க யாரும் இல்லாத வீட்டில் அவள் தன்னைத்தானே எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அதை ஒவ்வொன்றாகத் தேடி, பெரிதாக்கி, மணலைப் போட்டு மூடியிருக்கிறேன். பெரிதாக்கிப் பார்த்தபோது கறுப்புத் திட்டுதான் தெரிந்தது. முழுதாகப் பார்த்திருந்தால் மட்டும் தெரிந்திருக்குமா? திட்டிப் பழகியவன், நிழலைக் கண்டதும் கை போய்விட்டது.

"பரவால்லப்பா. நெகட்டிவ் இருக்குல்ல, மறுபடி ஸ்கேன் பண்ணு" என்றாள் மகள்.

இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பொய் சொன்னேன். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை குப்பை வண்டி வரும்போது நான் கீழே தெருவில் நின்றுகொண்டிருந்தேன். வண்டி ஓட்டும் அம்மாளுக்கு என்னைத் தெரியும். என் மனைவியோடு தினமும் ஏதாவது பேசிக்கொண்டிருந்தவள்.

"இன்னா சார், நீயே எறங்கி வந்துகீற?"

"ஃபிலிம் துண்டும்மா. சின்னச் சின்னதா வெட்டி நீலக் கவர்ல போட்டிருப்பேன். எடுக்க முடியுமா?"

"எப்ப போட்ட?"

"ரெண்டு மாசமாப் போட்டுக்கிட்டிருக்கேன்."

"ரெண்டு மாசமாப் போட்டத இன்னிக்கு வந்து கேக்குற. அதெல்லாம் அப்பவே லாரி ஏறிப் பெருங்குடி குப்பமேட்டுக்குப் போய்கீது சார். நீயேதான் வெட்டுனியா?"

"நானேதான்."

"நீயே வெட்டிட்டு இன்னாத்துக்குத் தேடிக்கினு கீற?"

 என் சம்சாரம் அதில் இருக்கிறாள் என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தினாள். சனிக்கிழமை நான் போட்ட கவர் இன்னும் லாரி ஏறவில்லை. காய்ந்த குப்பை மூட்டையிலேயே இருந்தது. இருவரும் குந்தி உட்கார்ந்து தேடினோம். என் பதினாறு துண்டுகளும் கிடைத்தன, நான்கு படங்கள். அதில் கடற்கரைப் படம் ஒன்றே ஒன்று. அதன் கீழ்த் துண்டை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் நிழல் கறுப்பாக இருக்காது, வெளிச்சமாகத்தான் தெரியும். ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று ஒரு முழங்கை. அதோடு வெட்டு வந்துவிட்டது. விரல்கள் இருந்த துண்டில் நான் அழுத்திப் பிடித்து வெட்டியதில் கீறல் விழுந்து மேல் பூச்சே உரிந்திருந்தது.

"தெரியுதா சார்?" என்று கேட்டாள்.

"தெரியுதும்மா" என்றேன். 

ஒட்டிக்கொண்டிருந்த கடைசிக் கவர்தான் மிச்சம். அதைத் தண்ணீரில் போட்டு ஊற வைத்தேன். அரை நாள் ஊறிய பிறகு கவரின் காகிதம் தோல் உரிவதைப் போலக் கழன்றது. அவசரப்பட்டால் படமும் கூடவே வந்துவிடும். எனவே நகம் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக எதையும் செய்ததில்லை. பெரும்பாலான படங்கள் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. தெப்பத் திருவிழா ஒன்று, கேமரா ஆடியதில் மங்கிப்போன தெரு ஒன்று, அப்புறம் நான்.

கோட்டூர்புரம் வீடு. வராந்தாக் கதவுக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருக்கிறேன். வெள்ளை அரைக்கைச் சட்டை. தலையைத் தூக்கி முறைக்கிறேன். அவள் வராந்தாவில் நிற்கிறாள், சாயங்கால வெயில் அவளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அவள் நிழல் கதவைத் தாண்டி உள்ளே வந்து என் சட்டை மேல் விழுந்திருக்கிறது. தலை, காதோரம் பறக்கும் முடி, ஒரு தோள். கேமராவைக் கண்ணில் வைக்காமல் கீழே பிடித்துக்கொண்டு அவள் பக்கவாட்டில் திரும்பியிருந்திருக்க வேண்டும், மூக்குகூடத் தெரிகிறது. மார்பு முழுக்க அவள்தான்.

அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

"வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளி நில்லு" என்றேன்.

"ஒரு நிமிஷம் இங்கயே நின்னுக்கறேங்க. அப்புறம் தள்ளிடறேன்" என்றாள்.

அந்தப் படத்திலும் தூசு எடுத்தேன். எடுக்காமல் இருக்க என்னால் முடியாது. என் முகம், மேஜை, சுவர் எல்லாவற்றிலும் எடுத்தேன். சட்டையைத் தொடவில்லை. சட்டையில் எது பூஞ்சை, எது அவள் முடி என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மகள் வந்தாள். வந்த அன்றே நெகட்டிவ்களை வெட்டியதைச் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்; கத்தியிருந்தால் தேவலாம். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் இந்தப் படத்தை அச்சுப் போட்டுச் சட்டத்தில் மாட்டி அவள் கையில் கொடுத்தேன். சட்டையில் இருந்த மூக்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதையே திதிக்கு வைக்கலாம்" என்றாள்.

திதிக்கு வந்த ஐயர் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"சார், இதுல நீங்கன்னா இருக்கேள்?"

"என் சட்டையைப் பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "தெரியறது" என்றார் மெதுவாக. "அம்மா நன்னாத் தெரியறா. ஆனா உயிரோட இருக்கறவா படத்துக்கு மாலை போடப்படாது. மன்னிச்சுக்கோங்கோ."

"அப்பாவை மட்டும் வெட்டிட்டா?" என்றாள் மகள்.

வெட்டுவதில் எனக்குக் கஷ்டமே இல்லை, அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் என்னை எடுத்தால் சட்டையும் போய்விடும். சட்டை போனால் அவள் விழ இடமில்லை. இதை மகளுக்கு எடுத்துச் சொன்னேன். கடைசியில் ஆதார் அட்டைப் படத்துக்கே மாலை போட்டோம். காரியம் நல்லபடியாக முடிந்தது, ஐயர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகள் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப இதை எப்பத்தாம்ப்பா மாட்டறது?"

"நான் போனதும் மாட்டிடு. ஒரே மாலை போதும், ரெண்டு பேருக்கும்."

வாயை மூடு என்றாள். பிறகு அழுதாள், நானும் அழுதேன்.

பத்து நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். படத்தைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன். ஆதார் படத்துக்குப் பக்கத்தில் மட்டம் பார்த்து, அளவெடுத்து, ஆணியும் அடித்துவிட்டேன். மகளிடம் விட்டால் கோணலாக அடிப்பாள். இப்போதைக்கு அந்த ஆணியில் ஒன்றும் மாட்டவில்லை.